மண் உறையுமுன்

அக்டோபர் கடைசிச் செவ்வாய். ஆலயத்தின் பின்னறை.
எண்ணெய் அடுப்பு இருமி இருமி எரிகிறது.
வந்தவர் ஆறு பேர். வராதவர் போவாஸ்.
சீல் வேட்டைக்குப் போயிருக்கிறார்.
நாம் எதைத் தீர்மானித்தாலும்
திரும்பி வந்து அதற்கு எதிராகத்தான் பேசுவார்.
செயலாளர் நான். குறிப்பெழுதுகிறேன்.

முதலில் அடுப்பு எண்ணெய்.
வேண்டியது பதினொரு பீப்பாய், பணம் இருப்பது எட்டுக்கு.
கடைசிக் கப்பல் நவம்பர் பன்னிரண்டு.
அதன்பின் லாப்ரடாரின் இந்தக் கரைக்கு
பனிதான் வரும்; விமானம்
மனசு வைத்தால் வரும்.
சில ஞாயிறுகளைப் பள்ளிக்கூடத்தில் நடத்தலாமே என்றாள் ஹுல்டா.
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நின்று
பாவ அறிக்கை சொல்லக் கூச்சமாயிருக்கும் என்றார்
அவள் கணவர் அபியா.
கூச்சம் என்று எழுதி, அடித்தேன்.

அடுத்தது ஈஸ்டர்.
விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் ஊத
ட்ராம்போனுக்கு ஆளில்லை.
ஊதியவன் சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.
அவன் தங்கை ரெனாட்டா பழகுகிறாள், வயது பதினொன்று.
குழலைக் கடைசிவரை நீட்ட அவளுக்குக் கை எட்டாது.
அந்த ஒரு ஸ்வரம் வரும் இடத்தில்
சும்மா நிற்கட்டும்,
எட்டுகிற வருஷம் ஊதட்டும் என்று முடிவாயிற்று.
இதற்கு மட்டும் எல்லாரும் கை தூக்கினார்கள்.

மூன்றாவதை வாசிக்கும்போது
ஆண்டுதோறும் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.
மண் உறையுமுன்
எத்தனை குழிகள் தோண்டி வைப்பது?

டிசம்பர் முதல் மே வரை இந்த மண் இரும்பு.
கடப்பாரை பட்டால் பொறி பறக்கும்.
போன வருஷம் இரண்டு தோண்டினோம், மூன்று பேர் போனார்கள்.
மூன்றாமவர் பனி இளகும்வரை
படகுக் கொட்டகையில் பெட்டிக்குள் காத்திருந்தார்,
அவர் மகன் தினமும் போய்ப் பூட்டைத் தொட்டுவிட்டு வருவான்.
அதற்கு முந்தின வருஷம் நான்கு.
ஒன்றுதான் தேவைப்பட்டது.
மற்றதொன்றில் நரி குட்டி போட்டிருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
பார்த்தால் எண்ணியதாகிவிடும்.
மேசை விரிப்பில் காபிக் கறையை
ஆறு பேரும் அப்படி ஆராய்ந்தோம்.
ஆனாலும் மனசு எண்ணாமலா இருக்கும்?
சபீனாவின் மூச்சு. சாலமோனின் வீங்கிய கால்.
பிறகு, கணக்கில் வராத பையன்கள்,
மெல்லிய பனிமேல் இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள்.
என் மகனும் ஓட்டுகிறான்.

"நான்கு," என்றார் அபியா.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம்.
சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடுகிறது.
"அதில் ஒன்று நீளமாக இருக்கட்டும்.
எனக்குக் காலை நீட்டிப் படுத்தே பழக்கம்."

இரண்டு பேர் சிரித்தார்கள், பாதியில் நிறுத்தினார்கள்.
ஹுல்டா எழுந்து கெண்டியைப் பார்க்கப் போனாள்,
அடுப்பில் வைக்கவேயில்லை அதை.

முன்மொழிந்தவர் அபியா என்று எழுதினேன்.
வழிமொழிந்தவர் என்று எழுதிப்
பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
இதற்குப் போய் யார் வாய் திறப்பார்?

திரும்பி வந்தவள் உட்காரவில்லை.
நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.
"திருத்தம் இருக்கிறது," என்றாள். "மூன்று போதும்.
நான்காவதைத் தோண்ட இயந்திரம் குடிக்கும் டீசலை
இந்த அடுப்பில் ஊற்றுங்கள்.
இவருக்குக் குளிர் ஆகாது."

கணக்குப் பார்த்தால்
அது அரை ஞாயிறுக்குக்கூடக் காணாது.
யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
மூன்று என்று எழுத்தில் எழுதினேன்,
எண்ணில் எழுதினால் யாராவது திருத்திவிடலாம்.

போவாஸ் வெள்ளிக்கிழமை வந்தார், இரண்டு சீல்களோடு.
நோட்டை நீட்டினேன்.
ரப்பர் காலணி சொட்டச் சொட்ட
வாசலில் நின்றே வாசித்தார்.
எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.
டீசல் வாளி எங்கே என்று மட்டும் கேட்டார்.