பாட்டின் மேல்பாதி

இருபத்தெட்டு சதுர மீட்டர்.
அதில் குளியலறை போக, அடுப்பு போக,
ஓஸ்மோவின் சைக்கிள் போக
மிஞ்சிய இடத்துக்கு
ஈர்யா இரண்டு ஸ்பீக்கர் வாங்கி வந்தாள்.
ஒவ்வொன்றும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உயரம்.

ஹெல்சிங்கியில், கல்லியோ.
அந்த ஊர்ப் பேச்சில் பாறை என்று பொருள்,
பெயரிலேயே கல் கிடக்கிறது.
நவம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடும்.
கேட்பதைத் தவிர
செய்வதற்கு அதிகம் இல்லை.

முதல் நாள் பாட்டு வந்தது,
அதற்குத் தரை வரவில்லை.
டபுள் பேஸ் வாசிக்கிறவன்
கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று
விரலை மட்டும் அசைப்பது போல இருந்தது.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினாள்.
பிறகு இன்னொரு சாண்.
கைதட்டிப் பார்த்தாள், சுவர்
எதிர்ச்சுவருக்குத் தட்டிவிட்டது
கடன் கைமாறுவது போல.
தரைவிரிப்பைத் தூக்கிச் சுவரில் மாட்டினாள்.
ஸ்பீக்கரின் கூர்க்கால்களுக்கடியில்
ஐந்து சென்ட் நாணயங்கள்.
தரையெங்கும் நீல நாடாத் துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் தேதி.
"குற்றம் நடந்த இடம் மாதிரி இருக்கு"
என்றான் ஓஸ்மோ
சைக்கிளைத் தோளில் வைத்துத் தாண்டியபடி.

கடைக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார்.
நீ உட்காருமிடத்தில் ஸ்பீக்கரை உட்காரவை.
நீ தரையில் தவழ்ந்து போ.
எங்கே மந்தரம் திரண்டு நிற்கிறதோ
அது ஸ்பீக்கரின் இடம்.

ஐம்பத்துமூன்று வயதில் ஈர்யா தவழ்ந்தாள்.
சோபாவில் ஸ்பீக்கர்
கால்மேல் கால் போடாத குறை.
மேஜைக்கடியில் கொஞ்சம்.
ஹீட்டர் அருகே வெறும் உறுமல்.
வாசற்கதவு மூலையில்
ஈரக் காலணிகளுக்கு நடுவே
கன்னம் தரையில் படும் உயரத்தில்
அது இருந்தது,
உருண்டு, கனத்து, பாகு பதத்தில்.

அங்கே வைத்தால் கதவு திறக்காது.

அப்போதுதான் கதவைத் தட்டினார்கள்.
முழங்காலில் இருந்தபடியே திறந்தாள்.
கீழ்வீட்டு தவுனோ.
துறைமுகத்தில் இரவு வேலை,
பகலில் தூக்கம்.
மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாள்.
அவர் கேட்டது வேறு:

"இரண்டு வாரமாக இதே பாட்டு.
இதன் கீழ்பாதி அப்படியே
என் குளியலறைக்கு இறங்குகிறது.
பல் தேய்க்கும்போது தாளம் பிடிக்கிறேன்.
இதற்கு மேலே
என்னதான் இருக்கிறது?"

அந்த அறையில் நல்ல இடம் ஒன்றுதான்.
இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில்
ஒரு தலை அகலம்.
அரை முழம் நகர்ந்தால் பாடகி
இடப்பக்கச் சுவருக்குள் போய்விடுவாள்.
ஓஸ்மோவுக்கும் அவளுக்கும்
அதில் முறை வைத்துத்தான் உட்காருவது.
அன்று இருவர் முறையும் அவருக்கு.

பாட்டு தொடங்கியது.
தவுனோவின் கால் முந்திக்கொண்டு போனது
இருட்டிலும் தன் வீட்டுப் படி தெரிந்தவர் போல.
பிறகு கால் நின்றது.

"பெண்ணா பாடுகிறாள்?

ஆண் என்று நினைத்திருந்தேன்.
வயதானவர். பேசுவதற்கு முன்
ரொம்ப யோசிக்கிறவர்."

முடியும்வரை
கோட்டுப் பொத்தானைப் பிடித்தபடி இருந்தார்.
எழுந்தபோது,
"ஆனால் உங்கள் வீட்டில் பேஸ் இல்லையே"
என்றார்,
துக்கம் விசாரிக்கும் குரலில்.
சாவியை மேஜைமேல் வைத்தார்.

ஈர்யா கீழே போனாள்.
அந்நியர் வீட்டு வாஷிங் மெஷின்மேல்
காலுறையோடு உட்கார்ந்தாள்.
மேலே ஓஸ்மோ பாட்டை வைத்தான்.

கூரைக்குள்ளிருந்து அது வந்தது,
தான் காசு கொடுத்து வாங்கியது,
தான் தவழ்ந்து தேடியது,
ஒரு சொட்டு சிந்தாமல்.

போனில் சொன்னாள்:
"இடது ஸ்பீக்கரை ஒரு விரற்கடை முன்னால் தள்ளு."
மேலே மரம் தேயும் ஓசை.
"இப்போ சரியா?"
"இன்னும் கொஞ்சம்."
ஓஸ்மோ நிறுத்தினான்.
"யார் வீட்டுக்கு?" என்றான்.
"நமக்கா, அவருக்கா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது
தாளத்துக்குச் சற்றே பிந்தி.
அவள் எட்டி அதை இறுக்கினாள்.