முந்நூறு கிலோமீட்டர்

சிங்காநல்லூரில் சாவி தருமுன்
கதவோரக் கீறல்களைப் போனில் பிடித்தார் நாச்சிமுத்து.
"இது பழசுங்க. இதும் பழசுங்க.
புதுசு விழுந்தாத்தான் காசுங்க."
ஒரு நாள் வாடகைக்கு
முந்நூறு கிலோமீட்டர்.

பொள்ளாச்சி, ஆழியாறு.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் கொண்டை ஊசியில்
ரோட்டை மறித்து நின்றது வரையாடு.
எஞ்சினை அணைத்தேன்.
சீட்டுக்கடியில் எந்தக் குடும்பமோ விட்டுப்போன
குழந்தைச் சாக்ஸ், ஒற்றை;
மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள் கலாமணி.
ஆடு போயிற்று.
பின்னால் பஸ் ஹாரன் அடித்தது,
ரொம்ப நேரம்.

இரவு டார்ச்சடித்து
வண்டியைச் சுற்றிவந்தார்.
சாக்ஸைப் பற்றி அவரும் கேட்கவில்லை,
அவளும் கைப்பையைத் திறக்கவில்லை.
மீட்டரைப் பார்த்துத்தான் வருத்தப்பட்டார்:

"எண்பது கிலோமீட்டர் வீணாப் போச்சுங்களே,
இன்னும் எங்காச்சும்
போயிருக்கலாமுங்க."