ஓவா, பூஜ்யமா

வாதி கபீரில் பகலெல்லாம் டயர் கழற்றுகிறேன்.
இரவில் கார்கோ விற்கிறேன்.
விற்கிறேன் என்றால்
வாட்ஸாப்பில் ஒரு லிங்க் அனுப்புகிறேன்.
அதைத் தொட்டு எவனாவது ஊருக்குப் பெட்டி போட்டால்
என் குறியீட்டுக்கு எண்ணூறு பைசா.
இங்கேயும் பைசா என்றுதான் பெயர்,
ஆயிரம் சேர்ந்தால்தான் ரியால்.

என்னைப் போல இருநூறு பேர்.
எங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில்
ஒரே ஓர் ஆள்.

முதலில் இருந்தவர் விடிந்ததும்
ரோஜாப் படம் போட்டு ‘வெற்றி உமதே’ என்பார்.
கமிஷன் கேட்ட மறுநாள்
ரோஜா வராது.
அடுத்தவர் என்னைப் பொன்னம்பலம் என்றார்.
நான் பொன்னுரங்கம்.
ஒன்பது மாதம் பொன்னம்பலமாகவே இருந்தேன்.
திருத்தினால் காசு வழிமாறிப் போகுமோ என்று பயம்.

பிறகு மெர்லின் சுகந்தி.
மாதம் எத்தனை பெட்டி தள்ளுவீர்கள் என்று கேட்கவில்லை.
யார் வாங்குகிறார்கள் என்று கேட்டார்.
ஒரு வெள்ளிக்கிழமை மிஸ்ஃபா கேம்புக்கே வந்து
இரும்புக் கட்டிலுக்கு அடியில்
டேப் வைத்து அளந்தார்.
பெட்டி நிறைய மூன்று மாதம் ஆகும்,
அதுவரை அது தூங்க வேண்டிய இடம் அதுதானே.
இரண்டு அங்குலம் இடித்தது.
அடுத்த மாதமே உயரம் குறைந்த பெட்டி வந்தது.
நான் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை,
பெட்டி தானே விற்றது.

ரம்ஜானில் நாற்பத்தொரு பெட்டி
என் கணக்கில் ஏறவில்லை.
இரவு பதினொன்றுக்குக் கூப்பிட்டேன்,
திட்டுவதற்கென்றே.
முழுக்கத் திட்டவிட்டுக் கேட்டார்:
“உங்கள் குறியீட்டில் நடுவில் இருப்பது
ஓவா, பூஜ்யமா?”
ஓ.
கேம்புச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியவன்
பூஜ்யம் எழுதியிருந்தான்.
பூஜ்யம் சலாலாவில் பக்ருதீன் பாவாவுக்கு.
அவர் அந்தக் காசில்
பல் கட்டிக்கொண்டிருந்தார்.

பல்லைக் கழற்ற முடியுமா.
மெர்லின் கம்பெனியிடம் போய்
ஓவும் பூஜ்யமும் ஒரே முகமாய் இருப்பது
யார் செய்த கோளாறு என்று கேட்டிருக்கிறார்.
பதினாறு நாள் கழித்து
முப்பத்திரண்டு ரியால் எண்ணூறு வந்தது.
அந்தப் பதினாறு நாளும்
‘இன்னும் ஆகவில்லை’ என்று
மாலையில் ஒரு வரி வந்தது.
ஆகவில்லை என்பதைச் சொல்லவும்
ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

நான் யோக்கியன் இல்லை.
சொந்தப் பெட்டியை என் லிங்கிலேயே
மச்சான் பெயரில் போட்டேன்.
“இது ஒன்று போகட்டும்,
இன்னொன்று வந்தால் நானே எழுதிக்கொடுப்பேன்” என்றார்.
குரல் உயரவில்லை.
அன்றைக்கு இரண்டு டயரைத் தப்பாக மாட்டினேன்.

எண்ணூறு அறுநூறாகும் செய்தியை
கம்பெனி சொல்லுமுன் அவர் சொன்னார்.
நல்லதுக்குத்தான் என்று பூசவில்லை.
“எதிர்த்தேன், நடக்கவில்லை” என்றார்.
வேறு கம்பெனிக்குப் போகிறபோதும்
போன் வந்தது.
கூடவே வாருங்கள் என்பார் என்று காத்திருந்தேன்.
பாக்கி ஏதும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

நேற்று புதிய ஆள், இர்ஃபானாம்.
எண்ணைப் பார்த்ததும்
ரோஜா வரப்போகிறது என்று நினைத்தேன்.
வந்தது இது:

“பொன்னுரங்கம் அண்ணன்தானே?
வெள்ளி மதியம்வரை தூங்குவீர்கள் என்று
ஃபைலில் எழுதியிருக்கிறது,
அதனால் இப்போது அனுப்புகிறேன்.
ஓ. பூஜ்யம் இல்லை.
சரிதானே?”