நாலடி தூரம்

கூரையில் நின்று ரொமெல் கத்தினான்,
"இப்ப எத்தனை?"
பெட்டிக்கு முன்னால் நான்:
"அறுபத்திரண்டு... அறுபது... போச்சு."
வின்னிபெக்கில் மார்ச் முதல் கிழமை, மைனஸ் பதினெட்டு.
அவன் திருப்பாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு
டிஷ்ஷை ஒரு நூல் அளவு தெற்கே தள்ளினான்.
முப்பத்தாறாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்
ஏதோவொன்று அசையாமல் நிற்கிறதாம்
எங்கள் பேஸ்மென்ற் சோபாவைப் பார்த்தபடி.

முதல் மாதம் சும்மா.
பிறகு மாதம் பதினைந்து டொலர், வரி வேறு.
நாலு கே என்றால்
எண்பத்துமூன்று இலட்சம் புள்ளி என்று
பெட்டியின் மட்டையில் போட்டிருந்தது.
ஆர் இருந்து எண்ணுறது?
என் மூக்குக்கண்ணாடியே பழைய இலக்கம்.

இறங்கி வந்து பூட்ஸைக் கழற்றியவன்
சுவருக்கும் சோபாவுக்கும் நாடா பிடித்தான்.
ஒன்பதரை அடி.
"பொஸ், உண்மையைச் சொல்லட்டா?
இங்கே இருந்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.
நாலடிக்குக் கிட்டப் போகவேணும்."
விற்க வந்த வாயால் வந்த சொல்.
அதற்காகவே இன்னொரு வடை வைத்தேன்.

அந்தத் தரத்தில் வந்தது ஒரேயொரு சேனல்.
கரடி. பனிமலை. கரடி. ஆறு.
ஆற்றில் கரடி.
அதன் ஒவ்வொரு மயிரும் தெரியும் என்றார்கள்.
ஒன்பதரை அடியில் அது கரடி, அவ்வளவுதான்.
எங்கள் தமிழ்ச் சேனலோ பழையபடி;
செய்தி வாசிப்பவளின் சேலைக்கரை குழைந்த சோறு.
புதுத் திரையில்
கலங்கல் மட்டும் துப்புரவாய்த் தெரிந்தது.

புதன் இரவு ஈரப்பனி கொட்டியது.
உயர்ந்த தரம்தான் முதலில் செத்தது.
பழைய சேனல் விக்கி விக்கிக் கொஞ்சம் தாக்குப்பிடித்தது.
நீளக் கம்பில் தும்புத்தடியைக் கட்டி
டிஷ்ஷின் முகத்தைத் துடைத்துவிட்டு வந்து
நாட்காட்டியில் இருபத்தெட்டாம் திகதியைச் சுற்றி
வட்டம் போட்டேன்: நிற்பாட்டு.

சனிக்கிழமை ஹொக்கி.
யோகமலருக்கு அன்றைக்கு லீவு.
மற்ற நாளெல்லாம் ஆட்டம் முடிந்து சனம் கலைந்த பிறகுதான்
அவளுக்கு அந்த அரங்கின் கதவு திறக்கும்,
வாளியும் துடைப்பமும் நீலக் கையுறையுமாக.
மச் பார்க்கிற ஆள் இல்லை அவள்.
துவைத்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கோல். சனம் எழும்பியது.
கமரா படிக்கட்டு வழியே மேலே ஏறியது.
"பொறுங்கோ. பின்னுக்கு விடுங்கோ."
விட்டேன்.
"இன்னும் கொஞ்சம். அதில, அதில நிப்பாட்டுங்கோ."
என் சாரத்தைக் கையில் பிடித்தபடியே எழும்பிப் போய்
திரைக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.
நாலடி என்ன, ஒரு அடி.

"நூற்றியெட்டாம் பகுதி. பதினேழாம் வரிசை.
மஞ்சள் விளிம்பு உடைஞ்ச படி.
பாருங்கோ, நீலக் கறை.
நவம்பரில ஆரோ சர்பத்தை ஊத்திப்போட்டான்.
ரெண்டு இரவு தேய்ச்சனான், போகேல்லை.
சுப்பர்வைசர் இல்லையெண்டு சொன்னவன்,
அப்பிடி ஒரு கறையே இல்லையாம்."

எழும்பிப் போய் அருகில் குந்தினேன்.
கால்கள் இரண்டுக்கு நடுவில்
ஒரு பெருவிரல் நகமளவு நீலம்.
அதைச் சுற்றி வெளிறிய வளையம்,
அவள் கை போன இடம்.
பழைய சேனலுக்கு மாற்றி அதே கணத்தைத் தேடினேன்.
படி இருந்தது. நீலம் இல்லை.
சுப்பர்வைசரின் கண்.

திரும்பவும் மாற்றினேன். அவள் இன்னும் எழும்பவில்லை.
பதினைந்து டொலர், வரி வேறு என்று
மனதுக்குள் கூட்டிக் கழித்து
"வைச்சிருப்பமோ?" என்றேன்.

"உங்களுக்கென்ன விசரே?" என்றாள்.
"நாளைக்கு வேலைக்குப் போனால் நேரில பாக்கலாம்.
மாசக்காசும் இல்லை."

இருபத்தெட்டாம் திகதி நிற்பாட்டிவிட்டேன்.
தொலைபேசியில் நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள்.

இப்போதும் சில சனிக்கிழமைகளில் மச் ஓடுகிறது,
பழைய தரத்தில், ஒன்பதரை அடியில்.
கமரா அந்தப் பக்கம் திரும்பினால்
அவள் மடிப்பதை நிறுத்துகிறாள்.
நான் சத்தத்தைக் குறைக்கிறேன், ஏனென்று தெரியாமல்.