நான்கு சக்கரமும் தரையில் இல்லை

எழுபது பவுண்டு. பதினான்கு நாளுக்குள் கட்டினால் பாதி.
நடப்போருக்கு மட்டுமான தெருவில்
நான் கார் ஓட்டினேனாம்.
நகரசபை படமும் வைத்திருக்கிறது:
காலை பதினொன்று பத்து, ரொட்டிக்கடை முனை,
என் நீல நிஸானின் எண்.

எண் என்னுடையதுதான், ஐயா.
கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.
சக்கரத்துக்கு அடியில் தரையா இருக்கிறது?
இழுவை லாரியின் தட்டு.
டாரியூஷ் இறுக்கிக் கட்டிய மஞ்சள் பட்டை.
ஓட்டுநர் இருக்கையில்
நான் மறந்துவிட்ட குடை.

பாடையில் போகிறவன்
தெருவில் நடந்தான் என்று
எந்த ஊரில் வழக்குப் போடுவார்கள்?

பதில் வந்தது, ஒன்றரை வரி:
அறிவிப்புப் பலகை தெளிவாகத் தெரிந்தது. நிராகரிக்கிறோம்.

யாருக்குத் தெரிந்தது?
பின்பக்கம் பார்க்கத்தான் ஏற்றியிருந்தது அதை.
பலகையைத் தாண்டிய பிறகு
அதன் முதுகைப் பார்த்திருக்கும், பாவம்.

தீர்ப்பாயம். தொலைபேசியில் விசாரணை.
திருமதி பென்ஹாலிகன் படத்தைப் பெரிதாக்கினார் போலும்,
நீண்ட நேரம் சத்தமில்லை.
"கார் இப்போது எங்கே, மிஸ் அக்ராய்ட்?"
"நசுக்கிவிட்டார்கள். ஒரு சூட்கேஸ் அளவுக்கு."
ஓர் இருமல் கேட்டது,
சிரிப்பு மாதிரியான இருமல்.
முறையீடு ஏற்கப்பட்டது.

அப்போதுதான் நகரசபைக்காரர் தொண்டையைச் செருமினார்:
"அப்படியானால் அந்த லாரியின் எண்?
படத்தில் விழவில்லை."

சுற்றுச்சாலை ஓரம், ஆலங்கட்டி மழை,
தன் மேல்சட்டையை எனக்குத் தந்துவிட்டு
நாற்பது நிமிடம் நனைந்தவன்.
ஏழு எழுத்தும் எனக்கு மனப்பாடம்.

"நினைவில்லை" என்றேன்.