ஞானப்பல் உள்பட

வல்பரைசோவில் தெருக்கள் பாதியில் மனம் மாறிப்
படிகளாகிவிடும்.
என் பட்டறைக்கும் என் கட்டிலுக்கும் நடுவே
நூற்று அறுபத்தொரு படி.
படி இல்லாத இடத்தில் சுவர் போல ரோடு.
ஆகவே மோட்டார் வேண்டும்.
ஆகவே பதினைந்து கிலோவைத் தாண்டக் கூடாது.
ரோட்டில் அது என்னைச் சுமக்கும்,
படியில் நான் அதை.

பல்செட் செய்பவன் நான்.
குன்றுமேல் கிழடுகளுக்கு நானே கொண்டுபோய் மாட்டி,
ஈறு உரசும் இடத்தில் அரம் போட்டுவிட்டு இறங்குவேன்.
அதுவரை முழங்கால் ஒத்துழைத்தது.

பரோன் குன்றில் ஒரு கோழிக்கூட்டுக்கு
முட்டுக்கொடுத்து நின்றது அந்த அலுமினிய சைக்கிள்.
பத்து கிலோ. எச்சம் தனி.
சக்கரத்தில் உட்காரும் மோட்டார் இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்;
மிதி அச்சிலேயே குடியேறி
கியரோடு சேர்ந்து ஏறுகிற மோட்டாரைத் தபாலில் வரவழைத்தேன்.
மூன்றரை கிலோ.
குழந்தையைத் தூக்குவது போல்தான் பெட்டியிலிருந்து தூக்கினேன்,
வெட்கமாக இருந்தது.

பழைய அச்சு கழலவில்லை.
ஒரு மாலை முழுக்கக் கழற்றுவதாக நினைத்து
இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.
வலப்பக்க மரை தலைகீழ் என்றான்
பூட்டுக்கடை ரெமிஹியோ.
சொல்லிவிட்டு எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.
எல்லாம் நான் செய்த பல்.

பிறகு மோட்டார் சட்டத்தில் இடித்தது.
இரண்டு மில்லிமீட்டர்.
மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது;
நான் வாய்க்கு அளவெடுக்கும் பசையைக் குழைத்து
அந்த இடுக்கில் அப்பினேன்.
உறைந்ததும் எடுத்து, அச்சு வார்த்து,
அக்ரிலிக்கில் ஒரு வில்லை செய்து செருகினேன்.
கச்சிதம்.
என்னிடம் இருந்தது ஈறு நிறம் மட்டும்தான்.
கறுப்பு மோட்டாருக்கும் வெள்ளிச் சட்டத்துக்கும் நடுவே
ஆரோக்கியமான ஓர் இளஞ்சிவப்பு.

பல்சக்கரத்தில் நாற்பத்திரண்டு பல் இருந்தது.
இந்த ஊருக்கு அது பேராசை.
முப்பத்திரண்டுக்கு மாற்றினேன்.
நான் கட்டும் வாய்க்கு இருபத்தெட்டுதான்,
பணம் கொடுத்து ஞானப்பல் கேட்டவர்
இதுவரை யாருமில்லை.
சைக்கிளுக்கு மட்டும் நான்கும் போட்டிருக்கிறேன்.

ஸ்டாண்டைக் கழற்றினேன். மட்கார்டைக் கழற்றினேன்.
மணியைக் கழற்றினேன், நாற்பது கிராம்.
திருகாணிகளைப் பட்டறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்தேன்.
முழு வண்டியை மீன்துறைக்குத் தள்ளிப்போனேன்.
நொல்பெர்த்தோ அதைக் கொக்கியில் மாட்டி,
"பதினான்கு எழுநூறு" என்றான்.
"இதைவிடக் கனமான விலாங்கு பிடித்திருக்கிறேன்."
இரண்டு நாள் வண்டியைப் பூனைகள் பின்தொடர்ந்தன.

முதல் ஏற்றம்.
மிதியை அழுத்துகிறேன்,
எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்டுவிட்டு
அதைப்போல் இரண்டு மடங்கு தருகிறது.
ஏமாற்றினால் ஏமாற்றுகிறது.
கியர் மாற்றும்போது மட்டும் காலைத் தளர்த்த வேண்டும்,
இல்லையென்றால் சங்கிலி நறநறக்கும்,
தூக்கத்தில் பல் கடிப்பவன் போல.
இரண்டாம் வளைவில் நாய்கள்.
மணி இல்லாததால்
நானே "ட்ரிங் ட்ரிங்" என்றேன்.
நாய்கள் நின்றுவிட்டன, எனக்காக வருந்தியிருக்கலாம்.

வியர்க்காமல் போய்க் கதவைத் தட்டியதும்
தோன்யா எடெல்மிரா நம்பவில்லை.
"லிஃப்ட் வைத்துவிட்டார்களா?"
வண்டியைக் காட்டினேன். எடையைச் சொன்னேன்.
ஈறு நிற வில்லையைக் குனிந்து பார்த்து
"இது யாருடைய வாய்?" என்றாள்.

பிறகு மேல்பல்லை மாட்டிக்கொண்டாள்.
ரொட்டியைக் கடித்தாள். ஒரு சுவரைப் பார்த்து மென்றாள்.
கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.
"கனமாக இருக்கிறது, இரெனேயோ."

இறக்கத்தில் மோட்டாருக்கு வேலை இல்லை.
பிரேக் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.
சட்டைப்பையில் பல்செட்.

திருகாணி நிறுத்த அதே தராசில் வைத்தேன்.
இருபத்தாறு கிராம்.
முப்பது வருடத்தில்
ஒரு பல்செட்டையும் நான் நிறுத்ததில்லை.
அண்ணத்தை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வெளிச்சம் உள்ளே வரவில்லை.
அரத்தை எடுத்தேன்.