பதினொரு செக்கன்

மூவாயிரம் ரிக்கெற் அடித்தோம், கடனுக்கு.
விற்றது இருநூற்றுப் பன்னிரண்டு.
அதிலும் முப்பத்தொன்று
மனைவியின் தம்பிமார், அவர்களின் சிநேகிதர்,
வழியில் அகப்பட்ட ஒரு கலியாணப் புரோக்கர்.

ஒரு கிழமை ஓட்டோவில் திரிந்தேன்,
நானும் ஒலிபெருக்கியும்.
சுன்னாகத்தில் ஒருவர் கை காட்டி மறித்தார்.
"எவ்வளவு நேரம் ஓடும்?"
"பதினொரு செக்கன்."
"பிறகு?"
"பிறகு வேற ரெண்டு கார்."
"அது?"
"பன்னிரண்டு."
சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.
கோபமில்லை.
ஐந்நூறு ரூபாயைப் பதினொன்றால் பிரித்துப் பார்த்த முகம்.

தேருக்கு ரிக்கெற் இல்லை.
அது ஓடுவதுமில்லை, அசைகிறது,
ஆனால் அங்கே கால் வைக்க இடமிராது.
பள்ளிக்கூட மாட்ச் மூன்று நாள்;
வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தாலும்
பாண்ட் அடித்துக்கொண்டு ஊர்வலம் போவார்கள்.
மெதுவானதைப் பார்க்கத்தான் இந்த ஊர் கூடும்.
அச்சகத்துக்குப் போக முதல்
யாராவது சொல்லியிருக்கலாம்.

கணக்குப் பார்க்கிற தயாபரி சொன்னது வேறு.
"காது கிழியும் எண்டு நோட்டீசில போட்டிருக்கிறாய்.
இஞ்ச ஆருக்கடா
இன்னொருக்காக் காது கிழிய வேணும்?"
கறுப்புப் பேனையால் அந்த வரியை அழித்தோம்,
நானூறு நோட்டீஸ் மட்டும்.
பிறகு பேனை முடிந்துவிட்டது.

கைதடிக்கு அங்கால், உப்பு வெளியில்
நேராகக் கால் மைல்.
இரண்டு பக்கமும் வாடகைத் தகரம்.
தகரத்துக்கு வெளியே
லொறித் தட்டிலும் மதகிலும் நின்றவர்களை
நான் எண்ணவில்லை.
எண்ணினால் வயிறு எரியும்.

முதல் ஓட்டம்.
பச்சை விளக்கு.
"இதோ புறப்படுகின்றன" என்று சொல்லி முடிக்கும்போது
புழுதிதான் மிச்சம்.
சோடாப் போத்தலுக்குக் குனிந்த ஒரு அம்மா
நிமிர்ந்து கேட்டா:
"எப்ப துவங்கும் தம்பி?"

மூன்றாவதில்
கொக்குவில் நிரோஜனின் கார்
கோட்டிலேயே நின்றுவிட்டது.
ஆறு மாதம் அவன் கீழே படுத்துக் கிடந்து கட்டிய கார்.
ஒரு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை,
பிறகு ஒன்றுமில்லை.
நான் மைக்கை மூடினேன்.

தகரம் ஒன்று மெல்லத் தூக்குப்பட்டது.
முதலில் ஒரு பெடியன்.
பிறகு உழவு மெசின் ஓட்டுபவர்,
தோள்பையோடு பஸ் கொண்டக்டர்,
குருநகரில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிற றெஜினோல்ட்.
"பிளக்."
"பற்றரி இறங்கீட்டுது."
"விசரே, பெற்றோல் வரேல்லை, மணத்தைப் பார்."
குருநாகலில் இருந்து இரவிரவாக வந்த இந்திக
தன் காரை அணைத்து, ஹெல்மெட்டை நிலத்தில் வைத்து,
நிரோஜனின் பொனற்றுக்குள் தலையை விட்டான்.
அவனுக்குத் தமிழ் வராது, இவனுக்குச் சிங்களம் வராது.
ஒரு குறடு இரண்டு பேருக்கும் நடுவில் போய்வந்தது.

கூட்டம் கண்டு ரோட்டில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன.
ஐஸ்கிறீம் வான் தானாக வந்தது.
ஒருவர் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்,
பெற்றோல் குழாயைக் காட்ட.
ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்.
ஒருத்தரும் அசையவில்லை.

பிடித்தது எஞ்சின்.
அப்படி ஒரு கைதட்டலை
அந்த வெளி கேட்டிராது.
றெஜினோல்ட் கறுத்த கையை உயர்த்திக் காட்டினான்.
காதைப் பொத்திக்கொண்டு
தயாபரியும் சிரித்தாள்.

பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
ஓட்டம் இன்னும் ஓடவில்லை.

விளக்குப் பச்சையானபோது
பார்க்க நாங்கள் ஒன்பது பேர்,
இரண்டு நாய்.
யார் வென்றது என்று
மைக்கில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.
சொன்னேன்.

இரவு ரோர்ச் அடித்துத் தகரம் எண்ணினோம்.
நான்கு குறைவு.
"அடுத்த முறை நோட்டீஸ் நான் எழுதிறன்" என்றாள் தயாபரி.
"என்னெண்டு?"
"கார் பழுதாகும், வாருங்கோ எண்டு."
நான் திரும்பவும் முதலிலிருந்து எண்ணினேன்.
நான்கு குறைவுதான்.